அந்தமான் போறீங்களா? பாராடாங்கை மட்டும் விட்டுடுங்க

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆடிட், குவார்ட்டர் குளோசிங், நடுவில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஆணிக்கு மேல் ஆணி. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் சென்னையிலிருந்து வந்த ஒரு போன். பழைய பிராஞ்சில் என்னோடு வேலை பார்த்த தோழி. "எல்.எஃப்.சி. லாப்ஸ் ஆகப் போகுதுப்பா. அந்தமான் போறோம், மொத்தம் 16 பேர். நீதான் போயிட்டு வந்தியே, பார்க்க வேண்டிய இடமெல்லாம் லிஸ்ட் போட்டு அனுப்பு" என்றாள்.

அனுப்பினேன். ஒரே ஒரு இடத்தை அடித்துவிட்டு அனுப்பினேன். ஏன் என்று கேட்டாள். போனில் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் கதை. நான் ராஞ்சிக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. ரங்கமணியும் இங்கேயே வேலை தேடிக்கொண்டார். அண்ணன் மதுரையில், தம்பி கோயம்புத்தூரில். அம்மா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் நாலு நாள் இருந்து பல வருஷம் ஆகிவிட்டது. அப்பா காரியத்துக்குக் கூடியதுதான் கடைசி. "சாவுக்குத்தான் சேரணுமா? ஒரு தடவை சும்மா சேருவோம்" என்று அண்ணன்தான் ஆரம்பித்தான். எனக்கு எல்.எஃப்.சி. பாக்கி இருந்தது. போன டிசம்பர் லீவில் நாங்கள் கொல்கத்தா வழியாகவும், அவர்கள் சென்னை வழியாகவும் போர்ட் பிளேரில் போய்ச் சேர்ந்தோம். (2024-லிருந்து அந்த ஊர் ஸ்ரீ விஜயபுரம். ஆனால் ஆட்டோக்காரரிலிருந்து எல்லோருக்கும் வாயில் போர்ட் பிளேர்தான் வருகிறது.) பெரியவர்கள் ஏழு, பிள்ளைகள் ஐந்து. பன்னிரண்டு தலை.

முதல் மூன்று நாள் அமர்க்களம். செல்லுலர் ஜெயிலில் அம்மா ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார். ஏழு கிளையாகக் கட்டிய ஜெயிலில் இன்று மிஞ்சியது மூன்றுதான் என்று கைடு சொன்னதும், "மத்த நாலையும் யாரு இடிச்சா?" என்று அவரைப் பிடித்துக்கொண்டார். ஹேவ்லாக்கில் (2018-லிருந்து சுவராஜ் தீவு) ராதாநகர் கடற்கரையில் அண்ணனும் தம்பியும் சின்னப் பசங்க மாதிரி மண்ணில் உருண்டார்கள். நாற்பது வயசுக்கு மேல் இருவரையும் அப்படிப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. செலவு செய்த ஒவ்வொரு ரூபாயும் அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

நாலாம் நாள் ஏஜெண்ட் போட்டிருந்தது பாராடாங். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, அலையாத்திக் காட்டுக்குள் போட் சவாரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாராடாங் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகிறது. அதை ஏஜெண்ட் இப்படிச் சொன்னார்: "ட்ரைபல்ஸ் கண்ணுல பட்டா அது உங்க லக்கு சார்."

எனக்கு அங்கேயே சுருக்கென்றது. கிளம்பும் முன் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்திருந்தேன். முந்தின ராத்திரி ஹோட்டல் மொட்டை மாடியில் சொன்னேன், "நாளைக்கு அங்க வேண்டாமே, வண்டூர் போகலாம்" என்று. தம்பி, "அக்கா, எல்லாரும் போறாங்க, கவர்மெண்டே விடுது" என்றான். அண்ணி, "பசங்க குகை பார்க்கணும்னு குதிக்குதுங்க" என்றார். கடைசியில் அண்ணன் போட்டான் ஒரு போடு: "பாப்பா, இருபதாயிரத்துக்கு மேல கட்டியாச்சு. திருப்பித் தரமாட்டான்."

நான் படித்தது பி.காம். காஸ்டிங் பேப்பரில் சங்க் காஸ்ட் என்று ஒரு பாடம் உண்டு. போன காசு போனதுதான், இனிமேல் எடுக்கும் முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். லோன் கேட்டு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு பேரில் நான் ஒருத்தி, நாலு நாள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று.

ஆமாம், நானும் போனேன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு உபதேசம் செய்தால் நியாயம் இல்லை.

விடிகாலை மூன்றரைக்கு வேன். ஜிர்காடாங் என்ற இடத்தில் செக்போஸ்ட். ஆறு மணிக்குத்தான் முதல் கான்வாய். எல்லோர் பெயரையும் அடையாள அட்டை நம்பரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டியை நிறுத்தக் கூடாது, ஓவர்டேக் கூடாது, போட்டோ கூடாது, சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது என்று போர்டு. போலீஸ் முன்னால் போக, கார், வேன், பஸ் என்று எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசை. சுமார் 50 கிலோமீட்டர் காடு. ஜன்னல் சீட்டுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள்.

பாதி வழியில் ரோட்டோரம் இரண்டு பெண்கள், ஒரு பையன். எங்கள் வேன் அவர்களைக் கடக்க ஐந்து நொடி ஆகியிருக்கும். வேனே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தம்பியின் கை போனுக்குப் போனது, டிரைவர் கண்ணாடியில் பார்த்து அதட்டினார். அந்தப் பெண்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பும்போது இன்னும் ஒருவர், தனியாக.

குகைக்கு நடக்க முடியாது என்று அம்மா படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் குகைக்குள் இருந்தது இருபது நிமிஷம். அதற்காகப் போக வர ஒரு முழு நாள்.

ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் மகன், எட்டாவது படிக்கிறான், அலுத்துக்கொண்டான்: "மொத்தமே நாலு பேருதான் அத்தை. எங்க ஃபிரெண்ட் போனப்ப ஒன்பது பேரு பார்த்திருக்கான்." எல்லோரும் சிரித்தார்கள். என் மகன் உடனே, "சேர்ந்தா மாதிரி மூணு பேரை முதல்ல பார்த்தது நான்தான்" என்றான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் பெட்லா காட்டுக்குப் போய்விட்டு வந்து யானையைப் பற்றிப் பேசினானே, அதே குரல், அதே கணக்கு. மனுஷனை எண்ணுகிறான். எண்ணக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான். ஜன்னல் சீட் வாங்கிக் கொடுத்ததே நான்தானே.

அப்போது அம்மா ஒன்று சொன்னார். எங்கள் கிராமத்துக்குப் பொங்கல் சமயத்தில் டூரிஸ்ட் பஸ் வரும். ஒரு வருஷம் வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் எங்கள் வாசலில் நின்று, அம்மா பொங்கல் வைப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்பா வந்து அம்மாவை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். "உங்கப்பாவுக்குச் சாத்த ஒரு கதவு இருந்துச்சு. அந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லையே" என்றார் அம்மா. யாரும் பதில் பேசவில்லை. தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான்.

சரி, உணர்ச்சி போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் ஜாரவாக்கள் 380 பேர். எங்கள் அபார்ட்மெண்டில் இதைவிட அதிகம். வெளியாட்களை அம்பு விட்டு விரட்டிய இவர்கள், 1990-களின் கடைசியில்தான் பகையில்லாமல் வெளியே வர ஆரம்பித்தார்கள். 1996-ல் கால் முறிந்து கிடந்த ஒரு ஜாரவா இளைஞரைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் வைத்துக் குணமாக்கி அனுப்பினார்கள். அதற்கு அப்புறம் வந்த மாற்றம் இது. 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்கு அது சின்ன வயசில் வந்து போகும் வியாதி. அதுவரை அந்தக் கிருமியையே பார்க்காத உடம்புக்கு அப்படி இல்லை. பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1858-ல் ஆங்கிலேயர்கள் கைதிகள் குடியிருப்பைத் தொடங்கியபோது பல ஆயிரம் பேராக இருந்த பெரிய அந்தமானியர்கள், இன்று சுமார் 50 பேர். பெரும்பகுதி வியாதியால்தான் போனார்கள்.

இந்தச் சாலையைக் காட்டுப் பகுதியில் மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002 மே மாதமே உத்தரவு போட்டது. மூடவில்லை. 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச் சொல்லும் வீடியோ ஒன்றை இங்கிலாந்துப் பத்திரிகை வெளியிட்டு உலகமே காறித் துப்பியது. அதே வருஷம் சட்டத்தில் தண்டனையைக் கூட்டினார்கள். 2013-ல் சுற்றுலாக்காரர்கள் அந்த வழியாகப் போக உச்ச நீதிமன்றம் தடை போட்டது, சில வாரங்களில் தடை நீங்கியது. ஆக, இன்று நீங்கள் போனால் சட்டப்படி தப்பில்லை. தம்பி சொன்னதும் அதைத்தான். ஆனால் சட்டம் விடுகிறது என்பதற்காக எல்லாவற்றையும் செய்கிறோமா என்ன?

எதிர்க்கேள்வி வரும், தெரியும். "அப்போ சாலையையே மூடணுமா? அந்தப் பக்கம் இருக்கிறவங்க என்ன செய்வாங்க?" நியாயமான கேள்வி. ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர அந்தச் சாலை வேண்டும். பிரசவ வலியோடு வருகிற பெண்ணும், குகை பார்க்கப் போகிற நானும் ஒரே கான்வாயில் போகிறோம். இருவருடைய தேவையும் ஒன்றாகுமா? சாலையை என்ன செய்வது என்பதை நீதிமன்றமும் அரசாங்கமும் பார்க்கட்டும். அதில் போகும் சுற்றுலா வண்டியில் என் குடும்பம் இருக்க வேண்டுமா என்பது என் கையில் இருக்கிறது.

பிழைப்பு என்று இன்னொரு கேள்வி. எங்கள் டிரைவரிடமே பேசினேன். நான் ராஞ்சியிலிருந்து வருகிறேன் என்றதும் மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தப் பக்கத்து ஆதிவாசி. 1918 வாக்கிலிருந்தே சோட்டாநாக்பூர் ஆட்களை அந்தமான் காட்டை வெட்டக் கப்பலில் கூட்டிப்போனார்கள். இன்றைக்கும் அவர்களுக்கு அங்கே 'ராஞ்சி' என்றுதான் பெயர். அவர் சொன்னது இது: "மேடம், பாராடாங் ட்ரிப்பில்தான் எனக்குக் காசு. என் தாத்தா காலத்தில் மரம் வெட்டப் போனால் அம்பு வரும். இப்போது ரோட்டோரம் நிற்கிறார்கள். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை." அந்தமானே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நாளுக்கு அதே வேனை, அதே டிரைவரை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போங்கள். அவருக்கும் வாடகை கிடைக்கும்.

வேறு பக்கம் என்றால்? வண்டூரில் கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. சிடியாடாப்புவில் சூரிய அஸ்தமனம் பாருங்கள், முதியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவும் நல்ல இடம். ஊருக்குள்ளேயே மானுடவியல் அருங்காட்சியகம் உண்டு. ஜாரவா, ஓங்கே, சென்டினல் மக்களைப் பற்றிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அங்கே ஒரு மணி நேரம் போதும். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் கடைசி நாள் அங்கே போனோம். பாராடாங்கில் பார்க்காத எவ்வளவோ விஷயத்தை என் மகன் அங்கே பார்த்தான், கேள்வியாகக் கேட்டுத் தள்ளினான். 'எத்தனை பேர்' என்று மட்டும் கேட்கவில்லை.

குடும்பமாகக் கும்பலாகப் போகும்போது ஒரு வசதி இருக்கிறது. முடிவு யாருடையதும் இல்லை. அண்ணன் சொன்னான், தம்பி சொன்னான், ஏஜெண்ட் போட்டான், எல்லாரும் போறாங்க. அந்த வசதியில்தான் நானும் ஏறி உட்கார்ந்தேன். ஆனால் பின் சீட்டில் இருக்கிற ஐந்து பிள்ளைகளுக்கு நம் சாக்குப்போக்கு எதுவும் தெரியாது. மனுஷர்களைக் காசு கொடுத்து வேடிக்கை பார்க்கலாம் என்று பெரியவங்க காட்டினாங்க, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். நாலு நாள் பாசத்தோடு இதையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்து அனுப்ப வேண்டுமா?

அட்வான்ஸ் கட்டும் முன்னாலேயே ஏஜெண்டிடம் பாராடாங் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை. கட்டிவிட்டீர்கள் என்றால் என் காஸ்டிங் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பி.கு.: தோழி மறுபடி போன் செய்தாள். 16 பேரில் அவள் கட்சி ஐந்து பேர்தானாம். "நீ வாயை மூடிக்காதே" என்று மட்டும் சொன்னேன்.