ஒரு பாஸ்வேர்டும் ஒரு பெட்ரோல் குழாயும்

அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளில் சுமார் 45 சதவீதத்தைக் கொண்டுபோவது கலோனியல் பைப்லைன். 2021 மே மாதம் கம்பெனியே அதை நிறுத்த வேண்டியதாயிற்று... காரணம்? நெட்வொர்க்கில் நுழையும் பழைய கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு திருடர் கையில் சிக்கியது. "நீதானா?" என்று ஊழியரின் மொபைலில் இன்னொருமுறை கேட்கும் ஏற்பாடு அந்தக் கணக்குக்கு இல்லை!

மிரட்டிய கும்பலுக்குப் போனது 75 பிட்காயின். அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர்.

மொபைல் இருந்தாலே போதுமா? போதாது. எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் எண்ணை, சிம்மை ஏமாற்றி வாங்கியவனும் படிப்பான். கைரேகை கேட்கும் ஆப் அதைவிட மேல்.

இதை வீண்செலவு என்று தள்ளிப்போடும் முதலாளிகள் இன்சூரன்ஸ் பிரீமியத்தை மட்டும் தவறாமல் கட்டுகிறார்கள். இதுவும் பிரீமியம்தானே? ஆலை வாசலில் வாட்ச்மேனை நிறுத்தாமல் யாராவது காசு மிச்சம் பிடிப்பார்களா?