மலையும் சுமையும்

சென்ற தை மாதத்தில், பத்தாந் தரத்து மாணாக்கர்க்கு, ‘நான் செல்ல விரும்பும் பயணம்’ என்னும் பொருள் பற்றிக் கட்டுரை வரையுமாறு பணித்திருந்தேன். கீழைமொழிக் கல்லூரியொன்றிற் பயின்று பண்டிதன் என்ற பெயரையும் பெற்று, நல்லதண்ணியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாகத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருபவன் நான். கட்டுரை ஏடுகளைப் புரட்டும்போது எழுவாயும் பயனிலையும் இயைகின்றனவா என்று பார்ப்பதே என் முதல் வேலை. பொருளைப் பிறகுதான் பார்ப்பேன். இம்முறை இரண்டு ஏடுகள் என்னை அந்த வழக்கத்தினின்றும் பிறழச் செய்தன.

முதலாவது, ஒரு மாணவியின் ஏடு. தென்னமெரிக்காவில், பேரு நாட்டின் மலைகளில் இன்கா மன்னர் கட்டி, பதினாறாம் நூற்றாண்டில் மக்கள் கைவிட்டுப்போன மச்சு பிச்சு என்னும் கல்நகருக்கு நடந்து செல்ல வேண்டுமென்பது அவளுடைய ஆசை. நான்கு நாள் நடை. ஏறத்தாழ நாற்பத்துமூன்று கிலோமீற்றர். வழியில் 4,215 மீற்றர் உயரமுள்ள கணவாயொன்றைக் கடக்க வேண்டும். அங்கே மூச்சு வாங்குவதே அரிதாம். கைப்பேசியிற் கண்ட படங்களைக் கொண்டு அவள் எழுதியிருந்தாலும், மஞ்சு விலகக் கற்சுவர்கள் தோன்றும் காட்சியை நேரிற் கண்டவள் போலவே வருணித்திருந்தாள்.

வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தாற் சிவனொளிபாத மலை தெரியும். இந்தப் பிள்ளைக்குப் பேரு நாடு வேண்டியிருக்கிறதே என்று எனக்கு முதலிற் சிறிது சினம் வந்தது உண்மை. பண்டிதர்க்கு இயல்பான சினந்தான். அது தணிந்தபின் அளவுகளை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கல்நகரின் உயரம் 2,430 மீற்றர். நம் மலையின் உச்சி 2,243 மீற்றர். வேற்றுமை இருநூறு மீற்றருக்குங் குறைவு! அதை மாணவிக்குச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

அந்நகரின் வரலாற்றில் என் மனத்தைப் பற்றிய செய்தி வேறொன்று. 1911-ஆம் ஆண்டு யூலை 24-ஆந் திகதி அமெரிக்கப் பேராசிரியரான ஹைரம் பிங்காம் அங்கே சென்றார். உலகம் அவரையே கண்டுபிடித்தவர் என்றது. மலையடிவாரத்துக் குடியானவரொருவர் அவரை மேலே அழைத்துச் சென்றார். உச்சியிற் குடியிருந்து பயிர் செய்துகொண்டிருந்த குடும்பங்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தன. இடிபாடுகளிடையே வழிகாட்டி நடந்தவன் ஒரு சிறுவன். இன்று அம்மலைக்கு ஏறும் வண்டிப்பாதைக்குப் பெயர் பிங்காம் பாதை.

இனி நம் மலைக்கு வருவோம். பௌத்தர் ஸ்ரீபாத என்றும், சைவர் சிவனொளிபாதம் என்றும், முஸ்லிம்களும் கிறித்தவரும் ஆதம் மலை என்றும் வழங்கும் இச்சிகரத்தை, சமந்தம் என்ற பெயரால் மணிமேகலை அறியும். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு யாத்திரிகர்க்கு உணவளிக்க வகைசெய்ததை அம்பகமுவக் கல்வெட்டுக் கூறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லன் தானே ஏறிவந்து, உச்சிக்குச் சற்றுக் கீழேயுள்ள குகையிற் கல்வெட்டு வைத்தான். செங்குத்தான பாறைகளிற் சங்கிலி கட்டியிருந்ததை மார்க்கோ போலோவும் குறித்துள்ளார்.

எல்லாவற்றினும் சுவையான சான்று இபின் பதூதாவினுடையது. மொரோக்கோ நாட்டிற் பிறந்த அந்தப் பெரும்பயணி 1344-ஆம் ஆண்டில் இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கியபோது, அங்கே அவரை வரவேற்றவர் தமிழரசராகிய ஆரியச் சக்கரவர்த்தி. என்ன வேண்டுமென்று அரசர் கேட்க, ஆதத்தின் திருவடியைக் காண்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார் பயணி. அரசர் பல்லக்கும் தந்து, துணையும் கூட்டி அனுப்பினார். அத்துணையை இபின் பதூதா எண்ணியே எழுதியிருக்கிறார்: ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரசரின் பரிவாரத்தார் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர்.

பாடப்புத்தகத்துக்காக இப்பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். அட்டையையும் குரங்கையும் பற்றி அவர் எழுதியதை வகுப்பிற் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்கவும் வைத்திருக்கிறேன். ஏற எளிதான ‘தாய்வழி’ ஒன்று, கடினமான ‘தந்தைவழி’ ஒன்று என இரு பாதைகள் இருந்தன என்று அவர் கூறுவதையும், பத்துச் சங்கிலிகளை அவர் விவரிப்பதையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பதினைவரிடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. பல நாள் நடையில் மற்றவர் உண்ட சோறு இவர்கள் தோளில் ஏறியே வந்தது. இவர்களில் ஒருவர் பெயரேனும் அந்நூலில் இல்லை.

பழந்தமிழ்ப் புலவர் இவ்வகையிற் சற்று வேறுபட்டவர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் கூத்தரை நன்னனிடத்து ஆற்றுப்படுத்துவது. இசைக்கருவிகளைப் பைகளிலிட்டுக் காவிச் செல்லும் கூத்தரின் சுமையிலேயே அப்பாட்டுத் தொடங்குகிறது. அதன்பின், எங்கே வழுக்கும், எங்கே தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும், எங்கே பாம்பு கிடக்கும், எவ்வூரில் உணவு கிடைக்கும் என்றெல்லாம் விரிகிறது. மலையின் அழகு அதிற் குறைவின்றி உண்டு. ஆயினும் தோளில் மூட்டையோடு நடப்பவனுக்குப் பயன்படுமாறு சொல்லப்பட்ட அழகு அது. இருபதாண்டுக்கு மேலாகப் படிப்பித்தும் இதை நான் உணர்ந்தது இந்த ஆண்டிலேதான். உணர்த்தியது இரண்டாவது ஏடு.

அந்த ஏட்டுக்குரிய மாணாக்கன் தை பிறந்ததிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வகுப்பில் இல்லை. கேட்டால் காய்ச்சல் என்பான். மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் வரை நீளும் யாத்திரைக் காலத்தை இங்கே ‘சீசன்’ என்றே சொல்வார்கள். அக்காலத்தில் நல்லதண்ணியிற் பல வீடுகளில் இந்தக் காய்ச்சல் வரும். எனக்குத் தெரியாததன்று. தெரிந்தும் இடாப்பில் ‘வரவில்லை’ என்று குறித்துவிட்டு இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை இரவு, ஊரிலிருந்து வந்த உறவினர் இருவரோடு நானும் மலையேறினேன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற்றம். சீதகங்குலைக்கு அருகில் சப்பானியத் துறவியர் கட்டிய வெண்ணிறத் தாதுகோபத்தைக் கடக்கும்வரை மூச்சு ஒத்துழைத்தது. அதன்பின் ஐம்பதைக் கடந்தவனுடைய முழங்கால் தன் வழக்கை உரைக்கத் தொடங்கியது. விளக்குகள் வரிசையாக மேலே மேலே போய் விண்மீனோடு கலப்பதைப் பார்த்தபடி, படியொன்றின் நடுவில் நின்றுவிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “சேர், கொஞ்சம் ஒதுங்கிக்கிருங்க.”

அவன்தான். முதுகில் ஒரு மூட்டை, அதன்மேல் ஒரு பெட்டி, நெற்றியிற் கயிறு. ‘ஐயா’ என்று அழைக்கும்படி நான் எத்தனை முறை சொன்னாலும் இவர்களுக்கு நான் ‘சேர்’தான். அன்றைக்கு அதைத் திருத்த எனக்கு நா எழவில்லை. ஒதுங்கினேன். அவன் நிற்கவில்லை, நின்றால் மறுபடி எழுவது கடினம் என்பதை அவனுடைய ஏட்டைப் படித்தபின்னரே அறிந்தேன்.

திங்கட்கிழமை அவன் கட்டுரையைக் கொண்டுவந்தான். தலைப்பை அவனாகவே ‘நான் சென்ற பயணம்’ என்று மாற்றியிருந்தான். முழுதும் ஒரு பக்கந்தான். சூரிய உதயம் அதில் இல்லை. விடியலில் மேற்குப் பக்கத்து மஞ்சின்மேல் விழும் முக்கோண நிழல் இல்லை. ஏறிய முறைகளை எண்ணி அடிக்கும் உச்சி மணியுமில்லை. எந்தப் படி உடைந்திருக்கிறது, மழையில் எந்தத் திருப்பத்தில் பாசி படரும், இறங்கி வருவோர் கூட்டம் எந்நேரத்தில் வழியை அடைக்கும், குனியாமலே முதுகை அணைத்துச் சுமையை இறக்கத் தக்க உயரமுள்ள சுவர் எங்கெங்கே உண்டு என்பவையே அவன் எழுதியவை. கடைக்காரர் கிலோ கணக்கிற் கூலி கொடுக்கிறார். ஆகையால் இருபதுக்குப் பதில் முப்பது தூக்கினால் ஒரு நடை மிச்சம் என்று ஒரு வாக்கியம். அப்பாவுக்கு இடுப்புவலி வந்ததிலிருந்து தான் போவதாக மற்றொரு வாக்கியம். எழுத்துப் பிழைகள் பதினேழு. எண்ணினேன், பழக்கதோஷம்.

இந்த மக்களின் மொழியில் ‘மலை’ என்பதற்கு ஒரு பொருள் உண்டு. எந்த அகராதியிலும் அதை நான் படித்ததில்லை. ‘மலைக்குப் போகிறேன்’ என்று ஒரு தாய் சொன்னால், கொழுந்து பறிக்கப் போகிறாள் என்று கொள்ளவேண்டும். தேயிலை நிற்கும் வேலைத்தலமே மலை. யாத்திரிகன் வாழ்வில் ஒருமுறை ஏறும் மலையை, இவர்கள் கொழுந்துப் பாரத்தோடு நாள்தோறும் ஏறி இறங்குகிறார்கள். இவர்களுடைய முன்னோர் வந்த வழியும் ஒரு நெடு நடையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிச் சட்டிபானைகளோடும் கைக்குழந்தைகளோடும் நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியில் மாண்டவர்க்குக் கணக்கில்லை. ஹட்டனுக்குப் புகையிரதம் வந்தது 1884-இலேதான். 2023-ஆம் ஆண்டில், வருகையின் இருநூறாண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் கூடி நடந்தபோது, அப்பாதையைப் பற்றி மலையகத்துக்கு வெளியேயும் சிலர் கேள்வியுற்றனர்.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் பாடப்பட்ட பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். அவர் அன்று செய்யாதிருந்தால் அவற்றிற் பல இன்று நமக்குக் கிட்டியிரா. சுமைகாரரின் சொற்களையும் அவ்வாறு திரட்ட வேண்டும். சுமையைக் கட்டும் வகைக்கு, கயிற்றின் முடிச்சுக்கு, இளைப்பாறும் இடத்துக்கு, வழியின் ஒவ்வொரு வளைவுக்கும் இவர்கள் வழங்கும் பெயர்களை எந்த ஏடும் இதுவரை எழுதிக்கொண்டதாக நான் காணவில்லை. இலக்கிய வட்டத்தார் ஒரு சீசனில் ஒரு வாரம் இங்கே தங்கினாற் போதும். பேச்சுப் போட்டிகள் சற்றுப் பொறுக்கலாம்.

ஆனாற் சொல்லைத் திரட்டிவிட்டுச் சொல்லுக்குரியவனை மறப்பது பண்டிதர் செய்யும் பெரும் பிழை. ஆகவே கேட்க வேண்டியதையும் கேட்டுவிடுகிறேன். என் மாணவி கனவு காணும் அந்த இன்கா வழியில் ஒரு நாளைக்குச் சுமைகாரரையும் சேர்த்து ஐந்நூறு பேருக்கு மேல் விடுவதில்லை. 2001-ஆம் ஆண்டில் பேரு நாடு சுமைகாரர்க்கென்று தனிச் சட்டமே இயற்றி, ஒருவர் தூக்கும் பாரத்துக்கு இருபது கிலோ என எல்லை விதித்தது. சட்டம் முழுதும் நடைமுறைக்கு வருவதற்கு அங்கும் நெடும்போராட்டம் வேண்டியிருந்தது. நம் மலையிலும் அத்தகைய ஓர் எல்லை வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளையின் முதுகில் எந்தக் கடைக்காரரும் மூட்டை ஏற்றலாகாது. அப்பிள்ளையின் கூலியை நம்பியிருக்கும் வீட்டுக்கு வேறு வழி காட்டுவதும் அதனோடு சேர்ந்ததே. தந்தைக்குத் தோட்டத்திற் போதிய கூலி கிடைத்தால் மகன் மலையேற மாட்டான். நான் பார்த்த வரையில் ஆசையால் ஏறியவன் எவனுமில்லை.

இன்னொன்றும் வேண்டுகிறேன், இதற்குப் பெருஞ்செலவு இல்லை. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பழைய வழிகளின் ஓரத்திற் சுமைதாங்கிக் கற்களை இன்றுங் காணலாம். இரு கல்லை நிறுத்தி, குறுக்கே ஒரு கல்லைத் தலையளவு உயரத்திற் கிடத்தியிருப்பார்கள். வழிநடப்போன் பிறர் கைத்துணையின்றித் தலைச்சுமையை இறக்கவும் மறுபடி எடுக்கவும் உதவும் பொருட்டு, கருவுற்று மகப்பேறின்றி இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டினார்கள். ஆயிரமாண்டாக அரசரும் துறவியரும் வணிகரும் படியமைத்தும் சங்கிலி கட்டியும் விளக்கேற்றியும் அறஞ்செய்த இந்த மலைவழியில், நான் ஏறியிறங்கிய அன்று ஒரு சுமைதாங்கியையும் காணவில்லை. சீதகங்குலைக்கு மேல் மூன்றோ நான்கோ இடங்களில் முதுகளவு உயரத்துக்குக் கல் அடுக்கினாற் போதும். எந்தெந்த இடத்தில் என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. அந்தப் பட்டியல் பதினேழு எழுத்துப் பிழைகளோடு என் மேசையில் இருக்கிறது.

கட்டுரைக்கு எத்தனை புள்ளி இட்டேன் என்று வாசகர் கேட்கக்கூடும். இன்னும் இடவில்லை. மாலையில் நான்கு மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தால் விட்ட பாடங்களைச் சொல்லித் தருவதாகச் சொல்லியனுப்பினேன். செவ்வாயன்று வந்தான், புதனன்று வரவில்லை. வியாழனன்று, முன்னதாக அந்த மாணவி வந்து, “சேர், அவன் எழுதினதை நான் பார்க்கலாமா?” என்று கேட்டாள். கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து படித்துவிட்டு, சீதகங்குலைக்கு மேல் இரண்டாவது சுவர் என்று அவன் எழுதியிருப்பது எந்தச் சுவர் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.