நுண்ணுயிர் வந்து காக்குமா?

எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் கடலிலேயே உண்டு, அதை அள்ளும் ரோபோக்களும் வந்துவிட்டன, ஆகவே எண்ணெய்க் கசிவைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை என்பது, கடலுக்கு வெகுதொலைவிலுள்ள நம் திருவண்ணாமலையிலும் படித்தோர் நாவில் புழங்கும் வாதம். இதன் முற்பாதி மெய், முடிவு பிழை.

முதலாவது, ஆல்கனிவோராக்ஸ் போன்ற நுண்ணுயிர்கள் இலேசான ஹைட்ரோகார்பன்களைச் சிதைப்பது உண்மையேயாயினும், பிராணவாயுவும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதாத இடத்தில் அவற்றின் காரியம் மந்தமாகும். கனத்த தார்ப்பொருளையோ அவை எளிதில் தீண்டா. 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் கொட்டிய எண்ணெயின் எச்சம், கரைகளில் உரமிட்டு நுண்ணுயிர்களைப் போஷித்த பின்னரும், பல ஆண்டுகள் கழித்துக் கற்களுக்கடியில் கிடைத்தது.

இரண்டாவது, இயந்திரம் எங்கே? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரருகே இரு கப்பல்கள் மோதியபின், கரையில் திரண்ட கரிய குழம்பை மனிதர்கள் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் புகுந்தபோதும் மீனவரே படகேறிச் சென்று கைகளால் வாரினர். இடையில் கழிந்த ஏறத்தாழ ஏழு ஆண்டு அவகாசம் போதவில்லையா? அலையாத்தி வேர்களுக்கிடையே, பிராணவாயு அற்ற சேற்றில் படிந்த எண்ணெயை எந்த மிதக்கும் கருவி எடுக்கும்?

மூன்றாவது, நுண்ணுயிர் தன் வேலையை முடிக்கும்வரை வலை வீச இயலாத குடும்பங்கள் எதைக் கொண்டு ஜீவிக்கும்?

குழாய்களையும் கப்பல்களையும் முன்னமே பரிசோதிப்பதும், கசிந்த முதற் சில மணி நேரத்திலேயே மிதவைத் தடுப்பு இடுவதும், கசியவிட்டவரிடம் நஷ்டஈடு பெறுவதும் அரசின் கடமைகள். ஆய்வுக்கூடத்தின் பெயரால் அவற்றை ஒத்திப்போட எவரையும் அனுமதியாதீர்கள்.