குணமான பின் தொடங்கும் காத்திருப்பு

ஒரு நாயின் மீட்புக் கதை பெரும்பாலும் இரண்டு படங்களாகவே நம்மை வந்தடைகிறது. முதல் படத்தில் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மயிர் கொட்டிப்போன தோல் தடித்து வெடித்திருக்கும். கழுத்தில் சங்கிலி அறுத்த புண் இருக்கும். இரண்டாம் படத்தில் அதே நாய் மினுங்கும் மயிரோடு, காதுகளை நிமிர்த்திக் கேமராவை நேராகப் பார்க்கும். இடையே மூன்று நான்கு மாதங்கள் கடந்திருக்கும். பார்ப்பவர் கண் கலங்குகிறார், விருப்பக்குறி இடுகிறார், நகர்ந்துவிடுகிறார். எடுக்கப்படாத மூன்றாம் படம் ஒன்று உண்டு: ஓராண்டு கழித்து, அதே கூண்டில், அதே நாய். காட்டுவதற்குப் புதிதாக எதுவும் இல்லாததால் அப்படத்தை யாரும் எடுப்பதில்லை.

விலங்கு மீட்பு குறித்த நம் பொதுப்பேச்சின் குறை இங்கேதான் இருக்கிறது. காயம், மீட்பு, சிகிச்சை ஆகியவை நிகழ்வுகள். அவற்றைக் கதையாகச் சொல்லலாம். காத்திருப்பில் எதுவும் நிகழ்வதில்லை. எனவே அது கதையாவதில்லை. கதையாகாத துன்பத்துக்கு நம் இரக்கம் எட்டுவதுமில்லை. வீடு கிடைக்காத நாய்க்கோ சிகிச்சைக் காலம் சில மாதங்கள்தாம், காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும். அதற்கான காரணத்தை நாயிடம் தேடுவது வீண். அது நம் வீடுகளிலும் சொற்களிலும் விதிமுறைகளிலும் இருக்கிறது.

டெல்லியோ புனேயோ ஹைதராபாத்தோ, பெருநகரக் காப்பகங்களில் இத்தகைய நாய்களின் முற்கதை பெரிதும் ஒன்றுபோலவே இருக்கும். பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு குடும்பம் குட்டியை எடுத்து வளர்க்கும். வளர்ந்தபின் அதன் இடம் மொட்டைமாடிக்கோ வாகனக் கொட்டகைக்கோ மாறும். இரண்டு முழச் சங்கிலி, பாசி படிந்த பிளாஸ்டிக் வாளி, நினைவு வந்தால் மிச்சச் சோறு. குடும்பம் வீடு மாறும்போது சங்கிலி அவிழ்க்கப்படும். அல்லது அவிழ்க்கப்படாமலே வாயிற்கதவு பூட்டப்படும். அடித்தால் அண்டை வீட்டாருக்குச் சத்தமாவது கேட்கும். இந்தப் புறக்கணிப்புக்குச் சத்தம் கிடையாது.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இதைக் குற்றமென்றே கருதுகிறது. குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைத்தல், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாதிருத்தல், பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி கைவிடுதல் எனப் பிரிவு 11 தனித்தனியாகவே பட்டியலிடுகிறது. முதல்முறை குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும் இருக்க வேண்டும். சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் அத்தொகைக்கு ஒரு கனம் இருந்திருக்கும். இன்று நாய்ச்சங்கிலியின் விலையே அதைவிட அதிகம்.

மீட்கப்பட்டபின் நடப்பது பொறுமையான வேலை. பட்டினி கிடந்த உடலுக்கு முதல் நாளே வயிறு நிறைய உணவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகளின் அளவு திடீரெனச் சரிந்துவிடும். ஆகவே உணவைச் சிறு பங்குகளாகப் பிரித்து, நாள்தோறும் கூட்டிச் செல்கின்றனர். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொறிப்பூச்சியைக் கண்டறிகின்றனர். உண்ணிக் காய்ச்சல் இருந்தால் டாக்சிசைக்ளின் ஏறத்தாழ நான்கு வாரம் தரப்படுகிறது. பிறகு தடுப்பூசிகள், கருத்தடை அறுவை. மயிர் மீண்டும் வளர்கிறது, எடை கூடுகிறது. இவ்வளவையும் மருத்துவம் செய்துவிடும்.

மருந்து எட்டாத பகுதி ஒன்று எஞ்சுகிறது. துடைப்பத்தைக் கையில் எடுத்தால் அந்நாய் மூலைக்கு ஓடும். யாரேனும் பார்த்துக்கொண்டிருந்தால் உண்ணாது. சுவரில் முதுகு படிந்தால்தான் உறங்கும். இவை ஆறுவதற்கு ஒரே மனிதர், ஒரே நேரம், ஒரே இடம் என்ற ஒழுங்கு வேண்டும். புது வீட்டுக்கு வரும் நாய்க்குத் திகைப்பு அடங்க மூன்று நாள், வீட்டின் நடைமுறை பழக மூன்று வாரம், இது தன் வீடு என்று தெளிய மூன்று மாதம் ஆகும் என்பது மீட்பாளர்களிடையே வழங்கும் தோராயக் கணக்கு. காப்பகத்தில் அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. ஊழியர் மாறுகின்றனர், பக்கத்துக் கூண்டுக்குப் புதிய நாய் வருகிறது, இரவு முழுதும் குரைப்பு ஓய்வதில்லை. நெடுங்காலம் அடைபட்ட நாய் கூண்டுக்குள்ளேயே வட்டமிடத் தொடங்குகிறது. கம்பியருகே வருவோரைப் பார்த்து ஓயாமல் குரைக்கிறது. தத்தெடுக்க வந்தவர், ‘இது முரட்டு நாய்’ என்று அடுத்த கூண்டுக்குச் செல்கிறார். காத்திருப்பு உண்டாக்கிய குணமே காத்திருப்பை மேலும் நீட்டிக்கிறது.

அடுத்த கூண்டில் அவர் தேடுவது பெரும்பாலும் ஒரு குட்டியை. அல்லது ஏதேனும் ஓர் அயல் இனத்தின் சாயலை. இதை அறிந்தே தத்தெடுப்பு விளம்பரங்கள் பல, காது சற்று மடங்கிய நாட்டு நாயை ‘லாப்ரடார் கலப்பு’ என்று அறிமுகம் செய்கின்றன. அந்தச் சிறு பொய்க்குப் பின்னால் நம் மொழிகளின் பெரிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. விலைகொடுத்து வாங்கும் இன நாயைத் தமிழில் ‘சாதி நாய்’ என்று கூசாமல் சொல்கிறோம். இந்தியின் ‘ஆவாரா’, மராத்தியின் ‘பட்கா’ இரண்டும் திரிவதைக் குறிப்பவை. வீடில்லாமை என்னும் நிலையை அந்நாயின் இயல்பாகவே மாற்றிவிடுபவை. தெலுங்கின் ‘ஊர குக்க’ அதற்கு ஓர் ஊரையேனும் கொடுக்கிறது.

ஆங்கிலம் செய்தது இன்னும் கொடியது. பறையர் என்னும் மக்கட்பெயரைத் தமிழிலிருந்து எடுத்து, விலக்கப்பட்டவர் என்ற பொருளேற்றி, அதையே இந்நிலத்தின் நாய்க்கும் சூட்டியது. ‘பரையா டாக்’ என்ற அப்பெயர் இன்றும் நாயினங்கள் பற்றிய எழுத்துகளில் வழங்குகிறது. ‘இண்டி’ போன்ற மாற்றுப் பெயர்கள் வந்துவிட்டன. தூய குருதி, வம்சம், விலை என்னும் அளவுகோல்கள் மாறவில்லை. சாதியை மறுக்கும் படித்த வீடுகளும் நாய் வாங்கும்போது வம்சாவளிச் சான்றிதழைக் கேட்கின்றன. மனிதர்மீது நிகழும் சாதிக்கொடுமையையும் நாய்க்கு நேரும் புறக்கணிப்பையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. ஆயினும் பிறப்பைக் கொண்டு தரம் பிரிக்கும் மனப்பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

இந்தப் பழக்கத்துக்கு அறிவியலின் துணையும் இல்லை. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் தந்த தகவல்களையும், 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தரவுகளையும் ஆராய்ந்து 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டையே இனத்தால் விளக்க முடியும் என்று கண்டது. கொல்கத்தா ஐஐஎஸ்இஆரில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. முன்பின் அறியாத மனிதர் மீண்டும் மீண்டும் சந்திக்கும்போது, நம்பிக்கை வளர்வதற்கு உணவைக் காட்டிலும் தடவிக்கொடுத்தலே பெரிதும் உதவுகிறது என்று அக்குழு 2017இல் எழுதியது. 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, இனப்பெருக்கப் பருவத்தை எட்டியவை 19 விழுக்காடே. இறப்புகளில் பெரும்பகுதிக்கு மனிதரே காரணம். தெருவில் வளர்ந்து நிற்கும் ஒவ்வொரு நாயும் அந்தக் கணக்கைத் தாண்டி வந்தது.

2023இல் வாரணாசித் தெருவில் வாழ்ந்த ‘ஜயா’ என்னும் பெண் நாய் கடவுச்சீட்டோடு நெதர்லாந்துக்குப் பறந்தது நாடெங்கும் செய்தியாயிற்று. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த பயணி ஒருவர் அதைத் தத்தெடுத்து, ஆவணங்களுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து அழைத்துச் சென்றார். செய்தித்தாள்கள் கடவுச்சீட்டைக் கண்டு வியந்தன. ஒரு தெருநாய் வீட்டுக்குள் செல்வது வெளிநாட்டுப் பயணம் அளவுக்கு அரிய செய்தியாக நமக்கு இருக்கிறதே என்பதில் யாரும் வியக்கவில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் இரண்டு கனமானவை. முதலாவது, நாய்க்கடி. அரசுக் கணக்கின்படி 2024இல் நாட்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 37 லட்சம். விடியற்காலையில் தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளரின் அச்சத்தையும், கடிபட்ட குழந்தையின் பெற்றோர் கொள்ளும் சினத்தையும் விலங்கு நேயம் என்ற பெயரில் தள்ளிவிட இயலாது. இரண்டாவது, எண்ணிக்கை. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு தெருநாய்களை ஏறத்தாழ 1.53 கோடி என்று மதிப்பிட்டது. இத்தனையையும் வீடுகளில் சேர்த்துவிட முடியுமா?

முடியாது. தெருநாய்ப் பெருக்கத்துக்கும் ரேபிஸுக்கும் விடை, பரவலான கருத்தடையும் தடுப்பூசியுமே. தத்தெடுப்பு அவற்றுக்கு ஈடாகாது. ஆனால் இங்கே பேசப்படுவது வேறொரு தொகுதி. காலிழந்தது, கண்ணிழந்தது, வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டதால் தெருவில் பிழைக்கத் தெரியாதது: இவற்றைத் தெருவுக்குத் திருப்பி அனுப்ப இயலாது. தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, குணமாகி நிற்கும் இவற்றில் ஒன்றை வீட்டுக்கு அழைத்துச் செல்வது யாருடைய பாதுகாப்பையும் குறைப்பதில்லை. காலியாகும் கூண்டு, சாலையோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் அடுத்த நாய்க்குச் சிகிச்சை இடமாகிறது.

கல்விப்புலத்தாருக்கு இது இப்போது நேரடிக் கேள்வி. கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் போன்றவற்றின் வளாகங்களுக்கு வேறு வழியைக் காட்டியது: நாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகங்களில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது. ஆணையின் சரி தவறுகளை விவாதிக்கலாம். அதன் விளைவு தெளிவானது. நூலகப் படிக்கட்டிலும் விடுதி வாயிலிலும் மாணவர் பெயரிட்டு அழைத்த நாய்கள், ஏற்கெனவே நிரம்பிய கூண்டுகளுக்குச் செல்கின்றன. காத்திருப்போர் வரிசை இனி நம் வளாகத்திலிருந்தே நீள்கிறது.

ஆகவே வளாகங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பேராசிரியர் குடியிருப்புகளில் தற்காலிகப் பராமரிப்புக்கு வெளிப்படையான விதிமுறை வகுக்கலாம். இரண்டு மாத வீட்டு வாழ்க்கை ஒரு நாயைத் தத்தெடுக்கத் தகுந்ததாக மாற்றிவிடக்கூடும். வளாகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஒவ்வொரு நாய்க்கும் பதிவேடு வைத்து, அது எங்கே எந்நிலையில் இருக்கிறது என்பதை நிர்வாகம் கேட்டறியலாம். வாடகை வீட்டில் வாழும் ஆய்வாளர்களுக்கு உரிமையாளரின் மறுப்பே முதல் தடை. செல்லப்பிராணிகளைக் குடியிருப்போர் சங்கங்கள் தடைசெய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டும், வாடகைக்கு இருப்பவரிடம் பேரம் பேசும் வலு இல்லை. அத்தகையோர் வாரம் ஒரு மணிநேரம் காப்பகத்துக்குச் சென்று ஒரே நாயோடு நடக்கலாம். ஒரே மனிதர், ஒரே நேரம் என்ற ஒழுங்கின் ஒரு துண்டையாவது அது கொடுக்கும்.

இத்தனைக்கும் பின் கிடைப்பது என்ன? மூன்றாம் படத்துக்குப் பதிலாக வேறொரு படம். ஒரு சாதாரண வீட்டின் கூடம், மின்விசிறி சுழல்கிறது, யாரோ துடைப்பத்தோடு கடந்து போகிறார். சுவரை விட்டு விலகி, அறையின் நடுவில், நான்கு கால்களையும் பரப்பி ஒரு நாய் உறங்குகிறது. அதிலும் நிகழ்வென்று எதுவும் இல்லை. யாரும் அதைப் பகிரப்போவதில்லை. சிகிச்சை முடிந்துவிட்டது என்பதற்கு உண்மையான சான்று அதுதான்.