எரிகிறதைப் பிடுங்குங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சித்திரை மதியம் 40 டிகிரி சாதாரணம். அங்கே கம்ப்யூட்டர் வாங்கப் போகிற பையனிடம், “பெரிய கூலரா போடு தம்பி, சூடே இருக்காது” என்கிறார்கள். சுத்தப் புருடா. கூலர் சூட்டை அழிப்பதில்லை. ப்ராசஸரிலிருந்து அள்ளி அறையில் கொட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே 150 வாட் போனால் 150 வாட் சூடு வெளியே வந்தே தீரும். ஃபேனோ லிக்விட் கூலரோ, எதுவாலும் ப்ராசஸரை அறைக்காற்றை விடக் குளிர வைக்க முடியாது. ஏசி ரூமில் எடுத்த ரிவ்யூ எண்களை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நம்பாதீர்கள்.

2022இல் வந்த ரைசன் 7950எக்ஸ், முழுச்சுமையில் 95 டிகிரி வரை ஏறி ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது. எதுக்கு? போட்டிப் பட்டியலில் கடைசித் துளி வேகத்துக்கு. அந்தத் துளிக்கு வோல்டேஜைக் கூட்ட வேண்டும். வோல்டேஜ் 10 சதவீதம் ஏறினால் அதனால் மட்டுமே மின்செலவு 21 சதவீதம் ஏறும். அதே சிப்பை ‘ஈக்கோ மோடில்’ 170 வாட்டிலிருந்து 105க்கோ 65க்கோ இறக்கலாம். பைசா செலவில்லை.

“பக்கத்துக் கமுதியிலயே 648 மெகாவாட் சோலார் இருக்கே, அப்புறம் என்ன சிக்கனம்?” என்பார்கள். கரண்ட் எங்கே விளைந்தாலும் சூடு உங்கள் அறையில்தான். எரிகிறதைப் பிடுங்கினால்தான் கொதிக்கிறது அடங்கும். நாமோ அடுப்பைத் தணிக்காமல் விசிறி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.