சட்டம் இயற்றுமுன் ஒரு கணக்கு

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது குடியியல் பாடத்தின் முதற் பக்கத்திலேயே காணப்படும் வாசகம். வகுப்பில் அதனைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் மறுப்பின்றி எழுதிக்கொள்வார்கள். ஆயின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லேனும் கூறாத சட்டமும், நடைமுறைக்கு வந்ததும், பிள்ளைகளை நிறத்தின்படி பிரித்து இரு வேறு வாசல்களுக்குள் அனுப்பிவிடக் கூடும். இஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய விரும்புவோர் அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரின் அனுபவத்தை நோக்குதல் நன்று.

சிக்காகோவை உள்ளடக்கிய குக் மாவட்டத்துக்குத் தனிப்பெருமை ஒன்று உண்டு. உலகின் முதலாவது சிறுவர் நீதிமன்றம் 1899ஆம் ஆண்டில் அங்கேதான் நிறுவப்பட்டது. குற்றஞ் செய்த பிள்ளையை முதிர்ந்த குற்றவாளிகளோடு ஒரே கூண்டில் நிறுத்தலாகாது, அவனைத் தண்டிப்பதினும் திருத்துவதே அரசின் கடன் என்ற கொள்கை அங்கிருந்தே ஏனைய நாடுகளுக்கும் பரவியது.

அதே மாவட்டம் அடங்கிய இல்லினோய் மாநிலம் 1985இல் ஒரு சட்டத்தை இயற்றியது. பாடசாலைக்கு 1,000 அடி தூரத்துள் போதைப்பொருள் விற்றதாகக் குற்றஞ் சாட்டப்படும் 15, 16 வயதுப் பிள்ளைகள் சிறுவர் நீதிமன்றத்துக்குச் செல்லாமல் நேரே வளர்ந்தோர்க்குரிய நீதிமன்றத்துக்கு அனுப்பப்படல் வேண்டும் என்பது அதன் விதி. பின்னர் அரசாங்கக் குடியிருப்புத் தொடர்களின் சுற்றுப்புறமும் இதனுட் சேர்க்கப்பட்டது. பிள்ளையின் வயதையும் குடும்ப நிலையையும் சீர்தூக்கிப் பார்க்க நீதிபதிக்கு இடமில்லை. பாடசாலை வாசலிலிருந்து நஞ்சை விரட்டுவோம் என்று சொல்லும்போது, அதை மறுக்க எந்தப் பெற்றோருக்கு மனம் வரும்?

இனி, மாணவனின் கணிதப் பெட்டியிலுள்ள கவராயத்தை எடுத்து அந்நகரின் வரைபடத்தில் வட்டங்கள் கீறிப் பாருங்கள். சிக்காகோ நகரின் நெருக்கமான பகுதிகளில் பாடசாலைகளும் குடியிருப்புத் தொடர்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு வட்டம் முடியுமுன் மற்றொரு வட்டம் தொடங்குகிறது. வறிய கறுப்பினக் குடும்பங்கள் செறிந்து வாழும் இடங்கள் இவையே. புறநகர்களிலோ வீடுகள் விலகி நிற்பன. பாடசாலைகள் விசாலமான வளவுகளினுள் தொலைவில் அமைந்தன. அங்கே வாழ்வோருட் பெரும்பாலோர் வெள்ளையர். அங்கே அதே பொருளுடன் பிடிபடும் பையன் அநேகமாக வட்டத்துக்கு வெளியே நிற்கிறான். அவன் சிறுவர் நீதிமன்றத்துக்குப் போகிறான். அவனுடைய வழக்கேடு மூடி வைக்கப்படுகிறது. பள்ளிப் படிப்புத் தொடர்கிறது. நகரத்துப் பையனுக்கோ பாரதூரமான குற்றம் புரிந்தவன் என்ற பெயர் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொள்கிறது. வேலை கேட்டுச் செல்லும் இடமெல்லாம் அது முன்னே போய் நிற்கும்.

குக் மாவட்டத்தில் இவ்வாறு தாமாகவே மாற்றப்பட்ட போதைப்பொருள் வழக்குகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகள் கறுப்பினத்தவரோ இலத்தீன் அமெரிக்க வழியினரோ ஆவர் என்று கணக்கெடுப்பொன்று பின்னர் வெளிப்படுத்தியது. வெள்ளை இளைஞர் போதைப்பொருளைத் தொடுவதில்லை என்று எண்ணிவிடலாகாது. பாவிப்போர் விகிதத்தில் இரு சாராருக்கும் பெரிய வேற்றுமை இல்லை என்பதே ஆய்வுகள் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை. 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. இவ்வழக்குகள் முதலிற் சிறுவர் நீதிமன்றத்துக்கே செல்லும் என்றாயிற்று. வளர்ந்தோர் நீதிமன்றத்துக்கு இழுக்கப்படுவோர் தொகை இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

1985இலிருந்து 2005 வரை இருபது ஆண்டுகள் சென்றன. அவ்வளவு காலமும் பிள்ளைகளின் வாழ்வைக் கொடுத்து அறிந்ததை, வரைபடமும் கவராயமும் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் அறிந்திருக்கலாம் அல்லவா? இக்கேள்விக்குச் சட்டவடிவில் முதல் விடை தந்தது அயோவா மாநிலம். அங்கே கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட 13 மடங்குக்கு மேலான விகிதத்திற் சிறைப்படுகின்றனர் என்று 2007இல் வெளியான அறிக்கையொன்று நாட்டையே திடுக்கிட வைத்தது. வேய்ன் போர்ட் என்ற உறுப்பினரின் முயற்சியால், 2008இல், தண்டனை பற்றிய எந்த மசோதாவும் விவாதத்துக்கு வருமுன் சிறுபான்மையினரை அஃது எவ்வாறு தாக்கும் என்பதைக் கணித்துரைக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. செலவு எத்தனை டொலர் என்று ஒவ்வொரு மசோதாவுக்கும் கணக்குப் பார்க்கும் சட்டசபை, பிள்ளைகளின் இழப்புக்கும் ஒரு கணக்குப் பார்ப்பதில் வியப்பென்ன? அதே ஆண்டிற் கனெற்றிக்கட்டும், 2013இல் ஒறிகனும் இவ்வழியைப் பின்பற்றின. நியூ யேர்சி 2018இல் இயற்றிய சட்டம், வளர்ந்தோரோடு சிறுவரைப் பற்றிய மசோதாக்களையும் இக்கணிப்புக்கு உட்படுத்தியது.

இனத்தை எண்ணுவதே இனபேதத்தை வளர்க்கும் என்று வாதிப்போர் உளர். அவ்வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. எண்ணாமையால் பேதம் மறைந்திருந்தால், சிக்காகோவில் அது மறைந்தே போயிருக்கும். வலுவான ஆட்சேபம் வேறொன்று: இக்கணிப்பு அறிவிக்குமேயன்றித் தடுக்காது. வாசித்துவிட்டு மசோதாவை அப்படியே நிறைவேற்ற உறுப்பினருக்கு உரிமையுண்டு.

தண்டனைச் சட்டத்துக்கு வெளியிலும் இதனைக் காணலாம். அமெரிக்கப் பெற்றோருக்குப் பிள்ளை ஒன்றுக்கு வழங்கப்படும் வரிச் சலுகை, முன்னர் வருமானம் குறைந்தோருக்கு முழுமையாகக் கிட்டுவதில்லை. அதனாற் கறுப்பினப் பிள்ளைகளுட் பாதிப்பேர் வரையில் முழுத் தொகையைப் பெறாதிருந்தனர். 2021ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பை நீக்கி, தொகையையும் 2,000 டொலரிலிருந்து 3,000 டொலராகவும், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 3,600 டொலராகவும் உயர்த்தியது. அரசாங்க உதவிகளையும் சேர்த்துக் கணிக்கும் அளவையின்படி, அவ்வாண்டிற் பிள்ளைகளின் வறுமை 5.2 வீதமாக வீழ்ந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் வறுமை 8.1 வீதமாயிற்று. ஏற்பாடோ ஓராண்டுக்கு மட்டுமே உரியது. அதனை நீடித்தால் யார் நன்மை பெறுவர், கைவிட்டால் யார் இழப்பர் என்ற கணக்கெல்லாம் காங்கிரஸ் உறுப்பினரின் மேசைமீது முன்பே இருந்தது. 2021 முடிவில் அவர்கள் அதனைக் காலாவதியாக விட்டனர். 2022இல் பிள்ளைகளின் வறுமை 12.4 வீதம், கறுப்பினப் பிள்ளைகளிடையே அது முன்னைய ஆண்டினும் இருமடங்குக்கு மேல்.