செருப்புக்கு மேடை... தைத்த கைக்கு?

2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் நகரில் ஓர் ஆடை அலங்கார அணிவகுப்பு நடந்தது. மாடல்கள் அணிந்து நடந்த செருப்பில் பெருவிரலுக்கு ஒரு வளையம், மேலே பின்னிய தோல் பட்டை, தட்டையான அடி. பிராடா நிறுவனம் அதைத் ‘தோல் செருப்பு’ என்று மட்டும் அறிமுகப்படுத்தியது. பார்த்த மாத்திரத்தில் நம் நாட்டில் பலருக்கும் அது கோலாப்பூர் செருப்பு என்று தெரிந்துவிட்டது. மகாராஷ்டிராவின் 4 மாவட்டங்களுக்கும் கர்நாடகத்தின் 4 மாவட்டங்களுக்கும் சேர்த்து 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைவினைஞர்களின் செருப்பைப் பார்த்துச் செய்தோம் என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. டிசம்பரில் இரு மாநில அரசுகளின் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டது. 2,000 ஜோடி செய்வதாகத் திட்டம். ஒரு ஜோடியின் விலை ஏறத்தாழ 800 யூரோ. நம் பணத்தில் 80,000 ரூபாய்க்கு மேல்.

இந்த விவகாரத்தில் நடந்த வாதத்தில் பெரும்பகுதி, ‘இந்தியாவின் பெருமையை வெளிநாட்டுக்காரன் திருடிவிட்டான்’ என்பதாகவே இருந்தது. அந்தச் செருப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்து வருபவர்கள் யார் என்ற பேச்சு ஓரமாகத்தான் வந்தது. தோலை உரித்து, ஊறவைத்து, பதனிட்டு, அறுத்து, பின்னித் தைத்தவர்கள் பட்டியலினத்து மக்கள். நம் தென் மாவட்டக் கிராமங்களில், ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த பெரியவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். செருப்பு தைத்த சாதிக்குச் செருப்பு போட்டு நடக்க உரிமை தராத நாட்டில், செருப்பு மட்டும் தேசத்தின் பெருமை ஆகிவிட்டது.

இத்தனைக்கும் கோலாப்பூர் சாகு மகாராஜாவின் ஊர். 1902-லேயே அரசுப் பணிகளில் 50 விழுக்காட்டைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கியவர் அவர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட கங்காராம் காம்ப்ளேவை டீக்கடை வைக்கச் சொல்லி, அந்தக் கடையில் தானே போய் டீ குடித்தவர். பொருளைத் தொட்டுக்கொண்டு மனிதரைத் தள்ளிவைக்கும் புத்தியைத்தான் அவர் நேரடியாக எதிர்த்தார். நூறாண்டு கழித்தும் அந்தப் புத்தி மாறவில்லை.

அன்றாடப் பொருளும் கலைக்கூடமும்

நவீன ஓவியம், சிற்பம், டிசைன் என்றதும் அது வசதியான வீட்டுச் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் கடந்த நூறாண்டுகளாக அந்தக் கலை உலகம் நம் வீட்டுப் பொருட்களைத்தான் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. 1917-இல் மார்செல் துஷாம் என்ற கலைஞர், பீங்கான் சிறுநீர்க் கோப்பை ஒன்றை நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார். அதைக் காட்சிக்கு வைக்க மறுத்துவிட்டார்கள். இன்று அதைப் படிக்காமல் நவீன கலை வரலாற்றை யாரும் படிக்க முடியாது. அன்றாடப் பொருளும் கலையாகலாம் என்ற எண்ணம் அதன் பிறகு உலகெங்கும் பரவியது. டயர், தகரம், சாக்கு, பிளாஸ்டிக் குடம் என்று நகரம் பயன்படுத்துவதும் தூக்கி எறிவதும் கலைக்கூடத்துக்குள் வந்தன.

அந்தச் சிறுநீர்க் கோப்பையைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அப்படியொரு கோப்பையைத் தினமும் கழுவுகிறவர் யார் என்று கேட்டு எழுதியவர்கள் குறைவு. நமக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அந்தக் கேள்வியைக் கலையாக்கியவர்களும் இருக்கிறார்கள்.

மும்பையில் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் ‘சமார் ஸ்டுடியோ’ என்ற பெயரில் பைகளும் நாற்காலிகளும் செய்கிறார். மகாராஷ்டிராவில் 2015-இல் காளை, எருதுகளை வெட்டத் தடை வந்தபோது தோல் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அவர்களோடு சேர்ந்து, தோலுக்குப் பதிலாகப் பழைய டயர், டியூப் ரப்பரைத் தகடாக்கி அதில் வேலை செய்தார் அவர். ‘சமார்’ என்பது வட இந்தியாவில் வசவாகப் புழங்கும் சாதிப் பெயர். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அப்படி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெயரைத்தான் அவர் கடைப் பலகையில் ஏற்றினார். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி நகரில் நடந்த வடிவமைப்புக் கண்காட்சியில் அந்த நாற்காலிகள் வைக்கப்பட்டன. பாடகி ரிஹானா அதில் அமர்ந்திருக்கும் படம் உலகைச் சுற்றி வந்தது.

அந்த நாற்காலிகளுக்குப் பின்னால் தாராவியின் தோல் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். தாராவி நமக்கு அந்நிய ஊர் இல்லை. தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986-இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, பழைய திருநெல்வேலிச் சீமையிலிருந்து பசிக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி ரயிலேறிய நம் ஆட்கள், தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் வேலை பார்த்தார்கள்.

கேரளத்தின் கண்ணூர் பக்கம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் குடும்பத்தில் பிறந்தவர் சஜன் மணி. ரப்பர் பால் உறைந்து வரும் அதே தகட்டில் தன் முன்னோரின் முகங்களைப் பதித்துக் கலையாக்கினார். பொய்கையில் அப்பச்சனின் விடுதலைப் பாடல்களைத் தன் படைப்புகளுக்குள் கொண்டுவந்தார். 2021-இல் பெர்லின் கலை விருது பெற்றார்.

இந்த இருவரின் பொருட்களும் சாதாரணமானவைதான். உழைத்தவரின் கதையை மறைக்காமல் அவற்றோடு சேர்த்துச் சொன்னார்கள் என்பதுதான் அவர்களுக்கும் பிராடாவுக்கும் உள்ள வேறுபாடு. அதற்காக யாரையும் கேள்விக்கு மேலே வைக்க வேண்டியதில்லை. தைத்தவர் பெயர் எங்கே, அவருக்குப் பங்கு எவ்வளவு என்று சமார் ஸ்டுடியோவிடமும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

சுவருக்கு வண்ணம், வீட்டுக்கு?

பொருளுக்கு நடப்பதுதான் ஊருக்கும் நடக்கிறது. சென்னை ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இருக்கும் கண்ணகி நகரை எடுத்துக்கொள்வோம். நகரத்தின் நடுவில் ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் இருந்த குடிசைகளை அகற்றி, 2000-ஆம் ஆண்டு முதல் மக்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம் அது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே இருப்பவர்களில் தலித் மக்கள் மிகுதி. வேலை ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று அவர்கள் வாழ்க்கை சிதறியது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் வேறு முகவரி சொன்ன காலமும் உண்டு.

2020-இல் ‘ஸ்டார்ட் இந்தியா’ அறக்கட்டளையும் மாநகராட்சியும் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து அந்த அடுக்குமாடிச் சுவர்களில் மிகப் பெரிய ஓவியங்களைத் தீட்டின. ஓவியங்கள் அழகானவை. அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்து படம் எடுத்தார்கள். குடியிருப்போருக்கும் அதில் மகிழ்ச்சி இருந்தது, அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் சுவரில் வண்ணம் ஏறியதால், அந்த மக்களை ஏன் இவ்வளவு தூரம் கொண்டுவந்து போட்டார்கள் என்ற கேள்வி தீர்ந்துவிடாது. குறுகலான வீடும் தொலைதூர வேலையும் அப்படியே இருந்தன.

கண்ணகி நகரின் பெயரை நாடு முழுக்கப் பெருமையோடு சொல்லவைத்தது ஒரு பெண் பிள்ளை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா. ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே ஊர் அவரை அழைத்தது. வெளியிலிருந்து பூசிய வண்ணத்தைவிட, உள்ளிருந்து எழுந்த ஒரு பெயர் அந்த முகவரிக்கு அதிகம் செய்தது.

முத்துநகரில் உப்பு எங்கே?

இனி நம் ஊருக்கு வருவோம். தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர். சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர். ஊரை அலங்கரிக்க வேண்டுமென்றால் முத்து, சிப்பி, சங்கு, கப்பல் என்றுதான் யோசனை போகிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் எடுக்காத முத்து ஊரின் அடையாளமாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எடுக்கப்படும் உப்பு அந்த இடத்துக்கு வரவே இல்லை.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு நம் மாவட்டத்துடையது. விடியும் முன்பே அளத்துக்குள் இறங்கி, பாத்தியில் பலகை போட்டு உப்பை வாரி, தலையில் சுமந்து அம்பாரம் குவிக்கிறவர்களில் பெண்கள் அதிகம், பட்டியலினத்தவர் கணிசம். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் பறிக்கும். உப்புநீர் பாதத்தை அரிக்கும். மழை தொடங்கினால் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு கொடுக்கத் தொடங்கியதே 2022-இல்தான்.

உப்பு வாரும் பலகையையும், சும்மாட்டுத் துணியையும், வெடித்த பாதத்தையும் பார்த்து ஒரு சிற்பம் செய்ய முடியாதா? மாலை வெயிலில் உப்பு அம்பாரங்கள் நிற்கும் வரிசையைவிட அழகான வடிவம் இந்த மாவட்டத்தில் வேறென்ன இருக்கிறது? வெளியூர்ப் புகைப்படக்காரர்கள் அதைத் தேடி வருகிறார்கள். அம்பாரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைக் குவித்த பெண்ணின் பெயர் படத்தின் கீழே பெரும்பாலும் இருப்பதில்லை. மிலானில் நடந்தது இதன் பெரிய வடிவம், அவ்வளவுதான்.

குலத்தொழிலுக்குத் திரும்பச் சொல்கிறோமா?

இங்கே தோழர்கள் சிலர் நியாயமாகவே ஒரு கேள்வி எழுப்புவார்கள். அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள், இழிவைச் சுமத்தும் வேலைகளை விடுங்கள் என்றார். 2016-இல் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்தார்கள் என்று நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்தபோது, மாட்டுப் பிணங்களை அரசு அலுவலகத்தின் முன்னால் போட்டுவிட்டு, இனி நாங்கள் தூக்க மாட்டோம் என்றார்கள் அங்குள்ள தலித் மக்கள். இப்போது போய் செருப்பும் பறையும் கலை என்று சொல்வது, விட்டு வெளியேறிய இடத்துக்கே திரும்பப் போவதாகாதா?

ஆகாது என்பதே நம் கருத்து. பறையைப் பாருங்கள். சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்று ஊர் கட்டாயப்படுத்தியபோது அதை மறுத்தோம், அந்த மறுப்பு விடுதலை. பிறகு நம் விருப்பத்தில், நம் மேடையில், நம் கேள்விகளுக்காக அடித்தோம், அதுவும் விடுதலை. 2025-இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாடு எழுந்து கைதட்டியது. தோலும் கட்டையும் அதேதான். யார் சொல்லி அடிக்கிறோம் என்பதுதான் மாறியது. கட்டாயம் இருக்கும்வரை அது சாதித் தொழில். தெரிவும் பெயரும் கூலியும் நம் கைக்கு வந்தால் அது கலை.

ஆகவே, செருப்பு தைத்தவரின் பேரன் செருப்பு தைக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவன் விரும்பினால் அந்தச் செருப்பை வரைபவனாக, விலை சொல்பவனாக, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவனாக வரட்டும் என்கிறோம்.

என்ன செய்யலாம்?

மில்லர்புரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் மாணவர்களோடு இதைப் பேசினால், “டிசைன் படிச்சா சோறு போடுமா அண்ணே?” என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கைப்பேசியின் திரை முதல் தீப்பெட்டியின் அட்டை வரை ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு வடிவமைத்ததுதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அகமதாபாத்தில் 1961 முதல் இயங்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும், சென்னை தரமணியில் உள்ள ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனத்திலும் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. மாநிலத்தின் அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. ஓவியம், சிற்பம் மட்டுமின்றி சுடுமண், துணி வடிவமைப்பு, காட்சித் தொடர்பு எல்லாம் அங்கே படிக்கலாம். இந்தத் தகவல் எத்தனை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது?

அரசிடமும் மாநகராட்சியிடமும் நாம் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை.

தென் மாவட்டங்களுக்கு ஓர் அரசு கவின்கலைக் கல்லூரி வேண்டும். அதுவரை, நீட் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பதுபோல வடிவமைப்பு நுழைவுத் தேர்வுகளுக்கும் தாட்கோ வழியாகப் பயிற்சி கொடுக்கலாம்.

பொதுப் பணத்தில் சுவரோவியமோ சிலையோ வைத்தால், எந்த மக்களின் வாழ்க்கையைக் காட்டுகிறார்களோ அந்த மக்களைக் கலந்து பேசிச் செய்ய வேண்டும். அந்தப் பகுதி இளைஞர்களுக்குக் கூலி கொடுத்து வேலையில் சேர்க்க வேண்டும். வரைந்தவர், உதவியவர் பெயர்கள் எல்லாம் சுவரின் ஓரத்தில் எழுதப்பட வேண்டும்.

கைவினைஞரின் வடிவத்தை ஒரு நிறுவனம் எடுத்தால், செய்பவரின் பெயரும் விற்பனையில் பங்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். கூலியைக் காப்பாற்ற அது மட்டும் போதாது.

மாணவர்களிடம் கேட்பது ஒன்று. துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் படமெடுத்த மதுரைப் புகைப்படக் கலைஞர் பழனிக்குமார், வடசென்னைப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து அவர்கள் தெருவை அவர்களே எடுக்கப் பழக்கினார். உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியும் கேமராதான். உங்கள் அம்மா அளத்துக்குக் கொண்டுபோகும் தூக்குவாளியை, அப்பாவின் தள்ளுவண்டியை, பாட்டி முடைந்த ஓலைப்பெட்டியை வரையுங்கள், படம் எடுங்கள். கீழே அவர்கள் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதுங்கள். உங்கள் பெயரையும் எழுதுங்கள்.

நாளைக்கு இந்தத் தூக்குவாளியும் ஏதோ ஒரு நாட்டு மேடையில் ஏறலாம். அன்றைக்கு, ‘இது யாருடையது?’ என்று கேட்டால் எடுத்துக் காட்ட நம் கையில் ஒரு படமும் ஒரு பெயரும் இருக்க வேண்டும்.